வியாழன் பகல் பன்னிரண்டு வரை

திங்கள் காலை கோப்பு வந்தது,
கடவுச்சொல் தனியாக, பின்னாலேயே.
அடுத்த வியாழன் பகல் பன்னிரண்டு வரை
யாரிடமும் சொல்லமாட்டேன் என்று
புவான் நோராய்னி பார்க்கக் கையெழுத்துப் போட்டேன்.
புதனன்று பட்ஜெட் மூடுகிறது.
அதனால்தான் மாவட்ட மன்றத்தில் எங்கள் இருவருக்கு மட்டும்
ஊருக்கு முன்னால் ஊரின் எண்ணிக்கை.

சுங்கை மெராந்தி. வட்டம் நாற்பத்தேழு.
எஸ்டேட், இரண்டாம் டிவிஷன்.
போன கணக்கில் அறுநூற்றுப் பதினொன்று.
இப்போது நூற்று முப்பத்தெட்டு.
வரிசை மாறிப் படித்துவிட்டேனோ என்று
திரையில் அளவுகோலை வைத்துப் பார்த்தேன்.
மாறவில்லை.

சாலைக்கு எதிர்ப்புறம் தாமான் செம்பாக்கா
மூவாயிரத்தை எட்டிவிட்டது.
ஐந்து வயதுக்குக் கீழே நானூற்று இரண்டு பேர்.
கார் கழுவும் கடை மூன்று உண்டு அங்கே,
பாலர் பள்ளி ஒன்றுகூட இல்லை.
சூத்திரம் தெளிவாகச் சொல்கிறது:
இருநூறுக்குக் குறைந்தால்
பேருந்து நிறுத்தத்தை எதிர்ப்புறம் மாற்று.

சனிக்கிழமை மகனுக்கு முடிவெட்டப் போனேன்.
ஆரோக்கியநாதன் கடையில்
பிளாஸ்டிக் உறை கிழிக்காமல்
புது நாற்காலி நின்றது.
மாதத் தவணை நூற்று எண்பது வெள்ளியாம்.
"அண்ணே, ஒரு வாரம் பொறுத்து வாங்கியிருக்கலாமே"
என்று வந்துவிட்டது வாயில்.
கத்தரிக்கோல் நின்றது.
"ஒரு வாரத்துல என்ன தெரியப்போகுது பிரமிளா?"

நான் சுவரில் காலண்டரைப் பார்த்தேன்.
அவரே சொன்னார்:
"டிவிஷன் ஆளுங்க முன்னே மாசம் நூத்திருபது தல.
இப்ப முப்பது தேறாது.
அது நாலு வருசமாத் தெரியுமே.
இந்த நாற்காலி நேபாளத்துப் பையன்களுக்கு.
ஞாயித்துக்கிழம கொங்சியிலிருந்து
கும்பலா வந்து வெளிய நிக்கிறானுங்க,
உக்கார இடமில்ல."

கையெழுத்துப் போடாமலே
எனக்கு நாலு வருடம் முந்திப் படித்திருக்கிறார்.

கீழே விழுந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தான் குகனேசன்.
பதினேழு வயது. டிவிஷனில் பிறந்தவன்.
பிறப்புப் பத்திரம் இல்லை, அடையாள அட்டை இல்லை.
பதிவிலாகாவுக்கு எத்தனை முறை நடந்தான் என்று கேட்டால்
சிரிப்பான்.
கோப்பில் அவனைப் பார்த்திருக்கிறேன்.
'குடியுரிமை அறியப்படாதோர்' என்ற கட்டத்தில்
எண் இல்லை, ஒரு நட்சத்திரம்.
அடிக்குறிப்பு சொல்கிறது:
ஐந்து பேருக்குக் குறைந்தால்
அடையாளம் காணப்படாதிருக்க மறைக்கப்படும்.
ஊரில் எல்லாரும் அவனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

திங்கள் இரவு கோப்பை மறுபடி திறந்தேன்.
நூற்று முப்பத்தெட்டு என்பது குடிமக்கள் மட்டும்.
மூன்று பக்கம் தள்ளி, வேறு அட்டவணையில்,
அதே வட்டம், வெளிநாட்டார்: தொண்ணூற்றாறு.
கையேட்டை எடுத்துச் சூத்திரத்தைத் தேடினேன்.
'வசிப்போர்' என்றுதான் எழுதியிருக்கிறது.
எந்த அட்டை, என்ன நிறம், ஒன்றுமில்லை.
கூட்டினேன். இருநூற்று முப்பத்து நான்கு.

"யாரும் இப்படிக் கூட்டியதில்லையே" என்றார் புவான் நோராய்னி.
சாளரத்துக்கு வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லாரி
மண்ணை இறைத்துக்கொண்டு போனது.
அது கடக்கும்வரை ஒன்றும் பேசவில்லை.
பிறகு முத்திரையை எடுத்தார்.

நிறுத்தம் அங்கேயே இருக்கும்.
நிழற்குடைக்குக் கூரையும் கேட்டிருக்கிறேன்,
கொடுப்பார்களா தெரியாது.
பாலர் பள்ளிக்குத் தனித்தாள் வைத்தேன்.
நட்சத்திரத்தை மட்டும் எதோடும் கூட்ட முடியவில்லை.
வரைபடத்தில் இருக்கையை
ஓர் ஆள் அகலம் நீட்டி வைத்தேன்.
காரணம் எழுதும் இடத்தில் 'இட வசதி' என்று எழுதினேன்.

வியாழன் பகல் பன்னிரண்டு மணிக்கு
எண்கள் எல்லாருக்கும் பொதுவாயின.
ஆரோக்கியநாதன் கடை வாசலில்
புது நாற்காலியின் பிளாஸ்டிக் உறை
குப்பைத் தொட்டிக்கு மேலே காற்றில் புடைத்துக்கொண்டிருந்தது.